பாட்டிலா, பாத்திரமா? குன்னூரிலிருந்து ஒரு ஏலக் கணக்கு

போன மாதம் கிளாஸ்கோவிலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். அக்கா மகளைக் கட்டியவர், அங்கே எஞ்சினியர் வேலை. "மாமா, ஒரு லட்ச ரூபாய் தனியா எடுத்து வச்சிருக்கேன். இங்க மாசாமாசம் ஆன்லைன்ல பழைய விஸ்கி ஏலம் நடக்குது. அதுல நாலஞ்சு பாட்டில் எடுத்துப் போடவா? இல்ல, குன்னூர்ல ஒரு பங்களா சாமான் ஏலத்துக்கு வருதுன்னீங்களே, அதை எடுக்கவா? தங்கத்தைவிட இது மேலுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் சொல்கிறார்கள் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் வரும். "ரெண்டு நாள் டைம் குடுங்க மாப்பிள்ளை" என்றேன். அந்த இரண்டு நாளில் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் பலர் வெளிநாட்டில் இருப்பார்கள்.

குன்னூரில் தேயிலை புரோக்கர் ஆபீசில் 31 வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஏலம் என்றால் என்ன என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஏலத்துக்கு வரும் லாட்டுக்கு முன்கூட்டியே சாம்பிள் போய்விடும். வாங்குகிறவர் வெள்ளைக் கோப்பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிட்டு, கேட்லாக் ஓரத்தில் பென்சிலால் ஒரு விலை எழுதுவார். தோட்டத்தின் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான். வாயில் வைக்காத சரக்குக்கு விலை சொன்னவரை நான் பார்த்ததில்லை.

இந்த அளவுகோலை வைத்தால் பழைய விஸ்கி ஏலம் ஒரு விசித்திரமான ஏலம். சீல் உடைந்தால் விலை போச்சு என்பதால் விற்கிறவரும் ருசித்ததில்லை, வாங்குகிறவரும் ருசிக்கப் போவதில்லை. மூடி, லேபிள், கண்ணாடி, உள்ளே நிற்கும் மட்டம் ஆகிய நான்கை மட்டும் பார்த்து விலை சொல்ல வேண்டும்.

முதல் வழி: சீல் உடையாத பழைய விஸ்கி

விஸ்கி பாட்டிலுக்குள் முதிர்வதில்லை. மரப்பீப்பாயில் இருக்கும்வரைதான் அதற்கு வயது ஏறும். 1965-ல் பாட்டிலில் அடைத்த 12 வருஷ விஸ்கிக்கு இன்றைக்கும் வயது 12-தான். பரணில் அறுபது வருஷம் கிடந்ததால் ருசி கூடியிருக்கும் என்று நினைப்பது, ஊறுகாய்க் கணக்கை இதற்குப் போடுவது. அப்படியானால் எதற்குக் காசு கொடுக்கிறோம்? இன்றைக்கு அதுபோலக் காய்ச்சுவதில்லை, மிச்சம் இருப்பது சில பாட்டில்கள்தான் என்ற இரண்டுக்கும்தான்.

அந்த இரண்டும் உச்சத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மெக்காலன் என்ற ஸ்காட்லாந்து விஸ்கியின் 1926 சரக்கு உதாரணம். ஒரே பீப்பாயில் அறுபது வருஷம் இருந்து, 1986-ல் வெறும் 40 பாட்டிலாக அடைக்கப்பட்டது. அதில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் கமிஷன் உட்பட 21,87,500 பவுண்டுக்குப் போனது. நம் ரூபாயில் இருபது கோடிக்கு மேல். மாப்பிள்ளையும் அந்தச் செய்தியைத்தான் முதலில் அனுப்பினார். நான் பதிலுக்கு இன்னொரு மெக்காலன் கதையை அனுப்பினேன். 2017-ல் சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் ஊர் ஓட்டல் ஒன்றில், சீன எழுத்தாளர் ஒருவர் 1878 மெக்காலன் என்று எழுதியிருந்த பாட்டிலிலிருந்து இரண்டு சென்டிலிட்டர், அதாவது 20 மில்லி, வாங்கிக் குடித்தார். விலை 9,999 சுவிஸ் பிராங்க். பிறகு சோதனைக்கு அனுப்பினால், உள்ளே இருந்தது 1970-களின் தொடக்கத்து பிளெண்டட் விஸ்கி, அதாவது பல விஸ்கிகளைக் கலந்த சரக்கு. ஓட்டல்காரர் நேரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சோதனையின் அடிப்படை எளிது. 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் திடீரென்று கூடியது. அதற்குப் பின் விளைந்த பார்லி அத்தனையிலும் அது இருக்கும், அந்தப் பார்லியில் காய்ச்சிய சாராயத்திலும் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று சொல்லும் பாட்டிலில் அது தென்பட்டால் கதை முடிந்தது. 2018-ல் ஸ்காட்லாந்து ஆய்வுக்கூடம் ஒன்று இப்படி 55 அரிய பாட்டில்களைப் பார்த்ததில் 21 போலி அல்லது சொன்ன ஆண்டில் காய்ச்சப்படாதவை. இவை ஏலத்திலும் கடையிலும் தனியாரிடமும் இருந்து வந்தவை. ஊசியால் துளி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பதெல்லாம் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் போகும் பாட்டிலுக்குத்தான். மாப்பிள்ளை பார்க்கும் 90, 100 பவுண்டு பாட்டிலுக்கு யார் செய்வார்கள்?

ஆனால் அந்த விலையில் ஒரு நிம்மதி உண்டு. சாதாரண பிளெண்டட் பாட்டிலைப் போலியாகச் செய்யும் சிரமத்துக்கு லாபம் போதாது. அதோடு வயதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களும் அவற்றில் நிறைய. ஜானி வாக்கரில் நடக்கும் மனிதர் படம் 1908-க்குப் பிறகுதான். ரெட் லேபிள், பிளாக் லேபிள் என்ற பெயர்களே 1909-ல் வந்தவை. ஒயிட் ஹார்ஸ் 1926-லேயே திருகு மூடிக்கு மாறிவிட்டது. பிரிட்டன் சந்தைக்கு வந்த பழைய பாட்டிலில் 26⅔ திரவ அவுன்ஸ், 70 டிகிரி புரூஃப் என்று அச்சாகியிருக்கும். புரூஃப் என்பது சாராயத்தின் வீரியத்தைச் சொல்லும் பழைய பிரிட்டன் அளவு, 70 புரூஃப் என்றால் 40 சதவீதம். நம் டாஸ்மாக் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று ஒரு வினோத எண் இருக்கிறதே, அது பழைய 75 புரூஃபின் வாரிசு. 1980 வாக்கில் அவுன்ஸ் போய் 75 சென்டிலிட்டர் வந்தது, 1990-களில் 70 ஆனது.

இந்த அவுன்ஸ் கணக்கு தெரியாமல் நானே ஒரு முறை ஏமாந்தேன். இருபது வருஷத்துக்கு முன், மலைப்பாதையில் ஒரு பழம்பொருள் கடையில், துரை பங்களாவிலிருந்து வந்தது என்று ஒரு ஸ்காட்ச் பாட்டிலைக் காட்டினார்கள். பழுப்பேறிய லேபிள், ஓரத்தில் பூச்சி அரித்த தடம், 26⅔ அவுன்ஸ் என்ற அச்சு. பேரம் பேசி மூவாயிரத்துக்கு வாங்கி வந்தேன். வீட்டில் தூசி துடைக்கும்போது அடியைத் திருப்பினேன். கண்ணாடியின் அடியில் புடைப்பெழுத்தில் 75 சென்டிலிட்டர் என்று இருந்தது. லேபிள் ஒரு காலம், கண்ணாடி வேறு காலம். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. வாஷ்பேசினில் ஊற்றினேன், வாடையே வாந்தி வரும்போல இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பாட்டிலையும் முதலில் தலைகீழாகத்தான் பார்ப்பேன். தக்கை போட்ட பாட்டிலைக் கவிழ்க்கக் கூடாது என்பதால் நானே குனிந்து அடியைப் பார்ப்பேன்.

மட்டம் இன்னொரு சாட்சி. கழுத்துவரை நின்றால் நல்லது, தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் தக்கை வழியாக ஆவி போயிருக்கிறது, காற்றும் உள்ளே வந்திருக்கிறது. மலைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி வில்லங்கம் உண்டு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பர்லியார் தாண்டியதும் பந்துபோல உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். கீழே அடைத்த பாட்டிலுக்குள்ளும் அதே கதைதான். உள்ளே இருக்கும் காற்று தக்கையை மேலே தள்ளும். நாற்பது வருஷத் தக்கை காய்ந்து சுருங்கியிருந்தால் கசியும். ஆகவே மலைக்குக் கொண்டுவந்த பழைய பாட்டிலைக் கிடத்தி வைக்கவே கூடாது. ஒயினைக் கிடத்துவார்கள், விஸ்கியைக் கிடத்தினால் சாராயம் தக்கையைத் தின்றுவிடும். நம் ஊர்க் குளிர் சரக்குக்கு நல்லது, ஆனால் ஆடி மாதத்து ஈரம் லேபிளுக்கு எமன். பூசணம் பிடித்த லேபிளை ஏலத்தில் யாரும் மதிப்பதில்லை.

இனிச் சட்டம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

1937 மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது, அதன் கீழ்தான் டாஸ்மாக்கே நடக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 1996 விதிகளின்படி ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டு மது 4.5 லிட்டர்வரை வைத்துக்கொள்ளலாம். 750 மில்லி பாட்டில் என்றால் ஆறு. விமானத்தில் வருபவர் தீர்வை இல்லாமல் கொண்டுவர முடிவது 2 லிட்டர். இதில் ஒரு வேடிக்கை: 700 மில்லி பாட்டில் மூன்று எடுத்தால் 2.1 லிட்டர், நூறு மில்லியால் மாட்டிக்கொள்வீர்கள். ஆக ஒரு வரவுக்கு இரண்டே பாட்டில். கூரியரில் இறக்கினால் தீர்வை. பல வருஷமாக அது 150 சதவீதம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தம் அதை 75 ஆக்கி, பத்து வருஷத்தில் 40-க்கு இறக்குகிறது. இறங்கினாலும் சேகரிப்புக்காரருக்கு அது பெரிய ஆறுதல் இல்லை, ஏனென்றால் இங்கே லைசென்ஸ் இல்லாமல் ஒரு பாட்டிலைக்கூட விற்க முடியாது. ஏலமும் விற்பனைதான். வாங்கி வைக்க ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது, விற்க ஜன்னல்கூட இல்லை.

மாப்பிள்ளை உடனே கேட்டார்: "அப்ப இங்கயே வச்சு இங்கயே வித்துட்டா?" செய்யலாம். அங்கே வீட்டில் இடம் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். ஆன்லைன் விஸ்கி ஏலங்களில் வாங்குகிறவரின் கமிஷன் பத்து சதவீதத்தை ஒட்டி, அந்தக் கமிஷனுக்கு மேல் வாட் வரி. பெரிய ஏல நிறுவனங்களில் கமிஷன் கால்வாசிவரை போகும். விற்கும்போதும் ஒரு வெட்டு உண்டு. போகவர இருபது சதவீதம் உயர்ந்தால்தான் போட்ட காசே கைக்கு வரும். 2022 வரை ஏறிய சந்தை அதற்குப் பிறகு இறங்கியதையும் அவர் அங்கே இருந்தே பார்த்திருக்கிறார். தங்கத்தோடு ஒப்பிட்டவர்கள் இந்த வரியைச் சொல்லவில்லை.

இரண்டாவது வழி: பிராந்தி

தமிழ்நாடு பிராந்தி நாடு. சளிக்கு ஒரு மூடி, பிரசவித்தவளுக்கு ஒரு மூடி என்று மருந்துப் பெயரில் வீட்டுக்குள் நுழைந்தது அது. வெள்ளைக்காரர் காலத்தில் எக்‌ஷா நம்பர் ஒன் என்ற பிரெஞ்சு கோனியாக் இந்தியா முழுக்கப் பேர்போனது. ஆனால் இன்று நம் கடையில் கிடைக்கும் பிராந்தியில் பெரும்பாலானது கரும்புக் கழிவுப்பாகுச் சாராயத்தில் தயாராவது. அதைச் சேகரிக்க ஒன்றும் இல்லை. சேகரிக்கும் பிராந்தி என்றால் திராட்சையில் காய்ச்சும் பிரெஞ்சு பிராந்திகளான கோனியாக்கும் ஆர்மன்யாக்கும்தான்.

பாட்டிலுக்குள் இதுவும் முதிராது. சட்டச் சிக்கலும் அதேதான். வித்தியாசம் விலையில். அதே வயதுள்ள விஸ்கிக்குப் பக்கத்தில் வைத்தால் கோனியாக் பெரும்பாலும் மலிவு, ஆள் கூட்டம் குறைவு. 1762 என்று எழுதிய கோத்தியே கோனியாக் 2020-ல் சோத்பிஸில் 1,18,580 பவுண்டுக்குப் போனது. காசு குறைவில்லைதான், ஆனால் இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய சரக்கு, மெக்காலன் விலையில் பதினெட்டில் ஒரு பங்குக்கும் குறைவு.

லேபிளில் நெப்போலியன் என்று இருந்தால் மயங்க வேண்டாம். அந்த மனிதர் 1821-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். கோனியாக்கில் அது குறைந்தது ஆறு வருஷம் பீப்பாயில் இருந்தது என்ற தரப்பெயர், அவ்வளவுதான். எக்ஸ்.ஓ. என்ற தர எழுத்துக்கும் 2018 ஏப்ரல்வரை ஆறு வருஷம் போதும், அதன் பிறகுதான் பத்து. ஆகவே முப்பது வருஷத்துக்கு முந்தைய எக்ஸ்.ஓ. பாட்டில் எழுத்தளவில் இன்றைய எக்ஸ்.ஓ.வைவிடக் கடுமையான விதிக்கு உட்பட்டதல்ல.

என் யோசனை: திரவம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு பழைய கோனியாக் வாங்குங்கள், வாங்கினால் குடித்துவிடுங்கள். அது சேமிப்பு அல்ல, செலவு என்று கணக்கில் எழுதிவிட்டால் மனசு லேசாகும்.

மூன்றாவது வழி: பங்களா சாமான்

இங்கேதான் எனக்குப் பேச்சு நீளும்.

தோட்டத்துப் பங்களா கைமாறும்போது கட்டில், பீரோ, கண்ணாடிச் சாமான் எல்லாம் ஒரே நாளில் ஏலத்துக்கு வரும். முதல் நாள் பார்வைக்கு வைப்பார்கள். நம் தேயிலை சாம்பிளுக்குச் சமம் அந்த நாள். கையில் எடுக்கலாம், தட்டலாம், வெளிச்சத்தில் பிடிக்கலாம், நகத்தால் கீறிக்கூடப் பார்க்கலாம். பாட்டிலுக்கு இல்லாத இந்த உரிமைதான் பாத்திரத்தின் முதல் லாபம்.

இந்த முறை வந்த சாமானில் கண்ணைப் பறித்தது ஒரு டான்டலஸ். ஓக் மரச் சட்டத்தில் மூன்று சதுரக் கண்ணாடிக் குடுவைகள், மூன்று கழுத்துக்கும் மேலே குறுக்காக ஒரு உலோகப் பட்டை, அதற்குப் பூட்டு. சரக்கு கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. 1881-ல் லண்டனில் ஜார்ஜ் பெட்ஜமன் காப்புரிமை வாங்கிய சாமான் இது. கிரேக்கக் கதையில் தண்ணீரில் நின்றும் தாகம் தீராமல் தவித்த ராஜாவின் பெயரை வைத்தார்கள். நாம் வைத்திருந்தால் 'கைக்கெட்டியது வாய்க்கெட்டாது' என்று வைத்திருப்போம். வீட்டு வேலையாட்கள் திருட்டுத்தனமாக ஊற்றிக் குடிக்காமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. என் தாத்தா ஒரு தோட்டத்தில் பட்லராக இருந்தவர். அந்த வகையில் இது எங்கள் குடும்பத்துக்கு எதிராகச் செய்யப்பட்ட சாமான் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன், சிரித்தார்.

இதில் பார்க்க வேண்டியது சாவி இருக்கிறதா என்பதல்ல. பூட்டுக்காரர் சாவி செய்து கொடுத்துவிடுவார். பார்க்க வேண்டியது மூடியின் எண். நல்ல டிகான்டர்களில், அதாவது மது ஊற்றி வைக்கும் இந்த மாதிரிக் கண்ணாடிக் குடுவைகளில், மூடியைத் தனித்தனியாகக் கழுத்துக்குள் வைத்துத் தேய்த்துப் பொருத்துவார்கள், ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சரியாக உட்காராது. அதனால் மூடித் தண்டின் அடியிலும் கழுத்து விளிம்பிலும் ஒரே எண்ணைக் கண்ணாடியில் கீறி வைப்பார்கள். பூதக்கண்ணாடி இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. எண் பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு மூடி உடைந்து வேறு வந்திருக்கிறது, விலையை இறக்கிக் கேட்கலாம்.

அடுத்தது உள்ளே தெரியும் வெண்மை. தண்ணீர்க் கறையாக இருந்தால் வினிகரும் ஒரு பிடி பச்சரிசியும் போட்டுக் குலுக்கினால் போய்விடும். கண்ணாடியே அரித்துப்போயிருந்தால் எதற்கும் போகாது. சோதிக்க ஒரு வழி: உள்ளே தண்ணீரால் நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் பளிச்சென்று ஆகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் அது அரிப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். பழைய கனத்த கட்-கிளாஸில், அதாவது வெட்டுவேலை செய்த கண்ணாடியில், ஈயம் உண்டு. விருந்துக்கு ஊற்றலாம், மாதக்கணக்கில் அதிலேயே வைத்துக் குடிக்கக் கூடாது. ஈயம் சரக்கில் இறங்கும்.

வெள்ளிச் சாமானில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். பிரிட்டிஷ் வெள்ளியில் சின்னச் சின்ன முத்திரைகள் வரிசையாக இருக்கும். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன், கோட்டை எடின்பரோ. ஒரு எழுத்து ஆண்டைச் சொல்லும். ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்தை இதேபோலக் குட்டிக் கட்டங்களுக்குள் அடித்து வைத்திருப்பார்கள். அது வெறும் முலாம், உள்ளே நிக்கல் கலவை. முலாம் பூசிய ஒரு ஷெஃபீல்டு ஹிப் ஃபிளாஸ்க்கை, அதாவது பையில் வைக்கும் தட்டையான மதுக் குப்பியை, பத்து வருஷத்துக்கு முன் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். மூன்று பொங்கலுக்கு என் வீட்டம்மா அதைப் பாத்திரம் தேய்க்கிற பொடி போட்டு, தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்துவிட்டார். மூலைகளில் வெள்ளி போய் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் வெளியே வந்துவிட்டது. குறை சொல்ல வாயில்லை, அலமாரியைத் துடைக்காதே என்று நான் சொன்னதில்லையே. முலாமுக்கு விபூதியும் மெல்லிய துணியும் போதும், அதுவும் வருஷத்துக்கு ஒரு முறை.

வெள்ளியில் எனக்குப் பிடித்தது டிகான்டர் கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் பெயர்த் தகடுகள். பிராந்தி, மதெய்ரா, ஷெர்ரி என்று உள்ளே இருக்கும் மதுவின் பெயரைச் செதுக்கியிருக்கும். கட்டைவிரல் அகலம்தான். 1790-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தச் சின்னத் தகடுக்கும் முத்திரை கட்டாயம் என்பதால் அதன் ஊரும் ஆண்டும் அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். போலி செய்வது சிரமம், எடை குறைவு, ஈரத்தால் பாழாகாது, ஒரு தீப்பெட்டியில் பத்து வைக்கலாம். எந்த நிலையிலும் வெள்ளி விலைக்குக் கீழே போகாது. மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் முத்திரை போட்ட சாமி உருவ வெள்ளிச் சாமான் கண்ணில் பட்டால் யோசிக்காமல் என்னைக் கூப்பிடுங்கள். 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அவருக்கே கொடுக்கப்பட்ட வகை அது.

தொடவே கூடாதவையும் உண்டு. இந்த மலையில் ஒரு காலத்தில் வேட்டை பெரிய பொழுதுபோக்கு. கடமான் கொம்பில் பிடி போட்ட தக்கைத் திருகி, தந்தப் பிடி வைத்த கரண்டி எல்லாம் பங்களா ஏலத்தில் தலைகாட்டும். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். பழையதுதானே என்று ஏலக்காரர் சொல்வார். கேஸ் அவர்மேல் மட்டும் வராது.

மாப்பிள்ளைக்கு மட்டும் பொருந்தும் இன்னொரு சட்டமும் 1972-ல்தான் வந்தது. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஆக டான்டலஸை வாங்கினால் அது குன்னூரிலேயே இருக்கும், கிளாஸ்கோ வரவேற்பறைக்கு வராது. பாட்டில் அங்கிருந்து வருவதில் தகராறு, பாத்திரம் இங்கிருந்து போவதில் தகராறு. ஆனால் பாத்திரத்தை இங்கேயே யாருக்கும் விற்கலாம், அதுதான் வித்தியாசம்.

காலி பாட்டில் பற்றி ஒரு வார்த்தை

கையில் ஆயிரம், இரண்டாயிரம் வைத்திருப்பவருக்கு இது நல்ல தொடக்கம். நீலகிரியிலேயே பீர் காய்ச்சியிருக்கிறார்கள். இன்று கிங்ஃபிஷர் விற்கும் யுனைடெட் ப்ரூவரீஸ் 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து தென்னிந்திய ப்ரூவரிகளைச் சேர்த்து உருவாக்கியது, அதில் நீலகிரி ப்ரூவரியும் ஒன்று. ஊர்ப் பெயர் புடைப்பெழுத்தில் உள்ள பழைய பாட்டில் கிடைத்தால் விடக் கூடாது. கண்ணாடி அச்சின் கோடு வாய் விளிம்புக்கு மேலேயும் ஏறியிருந்தால் இயந்திரத்தில் செய்தது, விளிம்புக்குக் கீழே நின்றுவிட்டால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. கோலி சோடா பாட்டிலில் மட்டும் கவனம். 1872-ல் ஹைரம் காட் காப்புரிமை வாங்கிய அந்த பாட்டில் வடக்கே இப்போதும் புதிதாகத் தயாராகிறது. ஊட்டிக் கடைத்தெருவில் பழசு என்று காட்டுவதில் பாதி என் பேரனைவிட இளையது.

காலி விஸ்கி பாட்டிலைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விலை உயர்ந்த சரக்கின் காலி பாட்டில்கள் வெளிநாட்டு ஏலங்களில் விற்பது உண்டு, அவற்றில் சில யார் கைக்குப் போய் மறுபடி நிரம்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலோ 2022-லிருந்து காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் டாஸ்மாக்கில் பத்து ரூபாய் கிடைக்கிறது. யானை காலில் கண்ணாடி குத்தக் கூடாது என்று நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் வந்த நல்ல பழக்கம்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளைக்குச் சொன்னது இதுதான். பழைய விஸ்கி வேண்டாம். ஒரு லட்சத்தில் ஐம்பதாயிரம்வரை பங்களா ஏலத்துக்கு. பதினைந்தாயிரத்துக்குள் ஒரு கோனியாக், ஊருக்கு வரும்போது சூட்கேசில் வரட்டும். மிச்சம் பேங்கிலேயே கிடக்கட்டும், அடுத்த பங்களா எப்போது கைமாறும் என்று யாருக்குத் தெரியும். டான்டலஸுக்கு மேல்விலை முப்பத்தைந்தாயிரம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம். ஏல நாளில் வாய் கட்டுக்குள் நிற்காது, காகிதம்தான் நிற்கும்.

ஏலத்தில் டான்டலஸ் முப்பத்தெட்டில் பெங்களூர்க்காரர் ஒருவருக்குப் போனது. "இன்னொரு ஐயாயிரம் ஏத்தியிருக்கலாமே மாமா" என்று வீடியோ காலிலேயே மாப்பிள்ளை புலம்பினார். பெயர்த் தகடுகள் மூன்று எடுத்தேன், மூன்றும் பர்மிங்காம் நங்கூரம். கூடவே இரண்டு வட்ட டிகான்டர்கள். கேட்லாக்கில் 'மூடி பொருந்தாதவை' என்று போட்டிருந்ததால் யாரும் கையைத் தூக்கவில்லை. ஒன்றில் மூடி ஆடியது, மற்றதில் பாதிதான் இறங்கியது. ஜோடி நாலாயிரத்து இருநூறு.

முதல் நாள் பார்வையிலேயே நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தேன். ஒரு கழுத்தில் 4, அதன் மேல் உட்கார்ந்திருந்த மூடியில் 7. பக்கத்துக் கழுத்தில் 7, அதன் மூடியில் 4. வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையை மறுபடி வீடியோவில் கூப்பிட்டு, கேமராவுக்கு முன்னால் வைத்து இரண்டையும் மாற்றிப் போட்டேன். இரண்டும் 'க்ளிக்'கென்று உட்கார்ந்தன.